ஆம்ப் சூடேறும்போது 'டிக்... டிக்... டங்': இறுக்கியும் அடங்கவில்லை, என்ன செய்யலாம்?

#1 · கீழக்கரைக்காது

எல்லாருக்கும் சலாம், வணக்கம். என்னிடம் இருப்பது ஒரு கிளாஸ் ஏ (பாடினாலும் பாடாவிட்டாலும் சூடாகவே இருக்கும் வகை) ஸ்டீரியோ பவர் ஆம்ப்ளிஃபயர். சேனலுக்கு 30 வாட்தான், ஆனால் தூக்க இரண்டு ஆள் வேண்டும். இரண்டு பக்கமும் 40 செ.மீ. நீளத்துக்கு அலுமினிய ஹீட் சிங்க், அதாவது சூட்டைக் காற்றுக்கு விடும் பாளம். அடித்தட்டும் மேல்மூடியும் பவுடர் கோட்டிங் அடித்த இரும்புத் தகடு. முகப்பு தடித்த அலுமினியம். ஷார்ஜாவிலிருந்து மச்சான் அனுப்பி வைத்தது. கம்பெனி பெயரை இழுக்க விரும்பவில்லை.

பாட்டில் ஒரு குறையும் இல்லை, பெட்டியில்தான் பிரச்சினை. ஸ்விட்ச் போட்டுக் கொஞ்ச நேரத்தில் 'டிக்' என்று ஒரு சத்தம். அப்புறம் அமைதி. மறுபடி 'டிக் டிக்'. நடுவில் திடீரென்று ஒரு 'டங்', தகரத்தில் யாரோ சுண்டிய மாதிரி. முக்கால் மணி நேரம் போனால் ஓய்ந்துவிடும். அணைத்தால் அதே கச்சேரி திரும்பவும், இந்தத் தடவை பாட்டே இல்லாமல்! ராத்திரி வீணை கேட்கும்போது மீட்டலுக்கும் மீட்டலுக்கும் நடுவில் இது வந்தால் மனசு வெறுத்துப் போகிறது.

விற்ற இடத்தில் கேட்டதற்கு "சாதாரணம்தான்" என்று பதில். மூடியின் ஸ்க்ரூக்கள் எல்லாவற்றையும் நன்றாக முடுக்கினேன். எண்ணிக்கை குறைந்த மாதிரி இருக்கிறது, ஆனால் வரும் சத்தம் முன்பைவிடக் கனம். யாருக்காவது தீர்ந்திருக்கிறதா?

#2 · உச்சிப்புளி ரேடியோ

தம்பி, முதலில் சத்தம் பெட்டியிலிருந்தா, ஸ்பீக்கரிலிருந்தா என்று பிரித்துக்கொள்ள வேண்டும். இரண்டும் காதுக்கு ஒரே மாதிரிதான் இருக்கும், வைத்தியம் வேறு.

ஆம்ப் நன்றாகச் சூடானதும் அணைத்து, பிளக்கையே பிடுங்கிவிடுங்கள். பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். ஸ்பீக்கர் ஒயரையும் கழற்றிவிட்டால் சந்தேகமே வேண்டாம். கரண்டே இல்லாமல் ஆறும்போதும் டிக் வருகிறதென்றால் அது வெறும் உலோகத்தின் வேலை, சர்க்யூட்டைத் தொடவே வேண்டாம்.

ஸ்பீக்கரில்தான் வருகிறது என்றால் விஷயம் வேறு. சூட்டில் விரிந்து சுருங்கிச் சால்டர் ஜாயின்ட் விரிசல் விட்டிருக்கலாம். ஸ்பீக்கரை இணைக்கும் ரிலே ஸ்விட்சின் கான்டாக்ட் கறுத்திருக்கலாம். நம் கடலோரத்தில் இரண்டும் சகஜம். அது வந்தால் உடனே நிறுத்த வேண்டும், ஸ்பீக்கர் போய்விடும்.

பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். அதுவரை யார் என்ன சொன்னாலும் ஸ்க்ரூடிரைவரை எடுக்காதீர்கள்.

#3 · சாயல்குடி சவுண்ட்

பாய், இது நம்ம வெயிலுக்கு வருகிற சத்தம்தான். குளிர் நாட்டுக்குச் செய்த சாமான், இங்கே வந்தால் முனகத்தான் செய்யும். எங்கள் மைக் செட் ஆம்ப் எல்லாம் திருவிழாவில் விடிய விடிய ஓடுகிறது, ஒரு டிக் கிடையாது. எல்லா ஸ்க்ரூவுக்கும் ஸ்பிரிங் வாசர் போட்டு நன்றாக இறுக்குங்கள். மூடி உட்காரும் ஓரத்தில் சிலிக்கான் பேஸ்டை ஒரு கோடு இழுத்து ஒட்டிவிட்டால் அசையவே அசையாது. அசைந்தால்தானே சத்தம்?

#4 · கீழக்கரைக்காது

உச்சிப்புளி அண்ணே, சொன்னபடி செய்தேன். பிளக்கைப் பிடுங்கி, ஸ்பீக்கர் ஒயரையும் கழற்றி வைத்துக் கேட்டேன். அப்படியே வருகிறது. ஆக, பெட்டிதான்.

இன்னொன்றும் கவனித்தேன். சாயங்காலம் கடல் காற்று எழும்பும் நேரம் ஜன்னல் திறந்திருந்தால், ஏற்கெனவே ஓய்ந்திருந்த ஆம்ப் மறுபடி ஒன்றிரண்டு டிக் போடுகிறது. ஜன்னலை மூடினால் இல்லை. இது எதனால்?

#5 · வாடைக்காற்று

ராமநாதபுரத்தில் இயற்பியல் நடத்துகிறேன், அதனால் கொஞ்சம் கணக்குப் போட்டுவிடுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அலுமினியம் ஒரு டிகிரி செல்சியஸ் ஏறினால் தன் நீளத்தில் பத்து லட்சத்தில் 23 பங்கு நீளும். இரும்பு ஏறக்குறைய 12 பங்கு. உங்கள் ஹீட் சிங்க் 400 மி.மீ. அறை 32 டிகிரி, சிங்க் 57 டிகிரிக்குப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். 25 டிகிரி ஏற்றம். 400 × 0.000023 × 25 = 0.23 மி.மீ. அதனோடு கட்டிப்போட்டிருக்கும் இரும்பு அடித்தட்டு அவ்வளவு சூடாவதில்லை. 10 டிகிரி ஏறினால் 0.05 மி.மீ. நீளும். வித்தியாசம் 0.18 மி.மீ.

கேட்க அற்பமாக இருக்கும். ஆனால் அந்த 0.18 மி.மீ. எங்காவது போய்த்தான் ஆக வேண்டும். ஸ்க்ரூவின் பிடியில் உராய்வு இருப்பதால் உலோகம் உடனே நகராது. விசை சேர்ந்துகொண்டே போகும், தகடு லேசாக வளையும், உராய்வின் வரம்பைத் தாண்டிய கணத்தில் சட்டென்று வழுக்கும். அந்த வழுக்கல்தான் 'டிக்'. வழுக்கியதும் மறுபடி ஒட்டிக்கொள்ளும், மறுபடி விசை சேரும். ஸ்க்ரூவை இன்னும் முடுக்கினால் உராய்வின் வரம்பு உயரும். அதாவது அதிக விசை சேர்ந்த பிறகுதான் வழுக்கும். எண்ணிக்கை குறைந்து ஒவ்வொன்றும் கனமாகும். நீங்கள் முதல் பதிவில் எழுதியது அச்சு அசல் இதுதான்.

அதனால் சாயல்குடிக்காரர் கேட்ட "அசைந்தால்தானே சத்தம்" என்பதற்குப் பதில்: அசையாமல் வைக்க முடியாது. முழுக்கத் தடுத்து நிறுத்த வேண்டுமானால் உருவாகும் விசை சாதாரண ஸ்க்ரூ தாங்கும் அளவா என்று அந்த அலுமினியக் குறுக்குப் பரப்பை வைத்துப் பாருங்கள். சத்தமில்லாமல் அசைய விடுவது ஒன்றுதான் வழி.

கடல் காற்றுக்கு வருகிறேன். ஆம்ப் நிலையான வெப்பத்துக்கு வந்துவிட்டால் எல்லாப் பாகமும் தன் நீளத்தில் நின்றுவிடும், சத்தம் ஓயும். ஜன்னல் வழியாகக் காற்று ஒரு பக்கம் மட்டும் விழுந்தால் மெல்லிய மேல்மூடி முதலில் குளிரும், கனமான சிங்க் தாமதிக்கும். மறுபடி நீள வித்தியாசம். ஏசி போட்ட அறையில் கம்ப்ரசர் நின்று நின்று ஓடும்போதும் சிலருக்கு இதே புகார் உண்டு.

#6 · சாயல்குடி சவுண்ட்

டீச்சர் கணக்கு சரி. ஆனால் நான் சொன்ன வெயிலை அதில் சேர்க்கவே இல்லையே? 20 டிகிரி ஊரில் ஓடுவதும் 35 டிகிரி ஊரில் ஓடுவதும் ஒன்றா?

#7 · வாடைக்காற்று

டிக் சத்தத்தைப் பொறுத்தவரை கிட்டத்தட்ட ஒன்றுதான். கிளாஸ் ஏ ஆம்ப் பாடினாலும் பாடாவிட்டாலும் ஒரே அளவு மின்சாரம் தின்னும். அந்த வாட்டும், சிங்க் வெப்பத்தை எவ்வளவு எளிதில் காற்றுக்கு விடுகிறது என்பதும் சேர்ந்து, அறையைவிட எத்தனை டிகிரி மேலே போகும் என்று முடிவு செய்கின்றன. அங்கே 20-லிருந்து 45. இங்கே 32-லிருந்து 57. ஏற்றம் அதே 25. நீட்சி ஏற்றத்தைப் பொறுத்தது, ஊரைப் பொறுத்தது அல்ல.

வெயில் கெடுப்பது வேறொன்றை. கெப்பாசிட்டரின் ஆயுள். அது தனி இழை.

உங்கள் மைக் செட் ஆம்ப்களில் காற்றாடி இருக்கும், பெரும்பாலும் கிளாஸ் ஏபி அல்லது டி வகை, சும்மா இருக்கும்போது சூடே இருக்காது. அப்படியே டிக் வந்தாலும் திருவிழாவில் யார் காதில் விழப்போகிறது?

#8 · சாயல்குடி சவுண்ட்

கடைசி வரி ஏற்றுக்கொள்கிறேன். 😄

#9 · பாம்பன்பட்டறை

படகு இன்ஜினும் லேத்தும் என் வேலை, ஆம்ப் எனக்குப் பொழுதுபோக்கு. டீச்சர் சொன்னதற்கு மேல் செய்முறை மட்டும் சொல்கிறேன்.

எங்கள் பாம்பன் ரோட்டுப் பாலத்தில் பஸ்ஸில் போனவர்களுக்குத் தெரியும், சீரான இடைவெளியில் 'டடக் டடக்' என்று சக்கரம் எதையோ தாண்டும். விரிவதற்காக விட்ட இடைவெளி அது. பாலம் கட்டுகிறவர்கள் ஒரு முனையை நிலையாகப் பிடித்து மறுமுனையை நகர விடுவார்கள். 1988-இல் திறந்த ரோட்டுப் பாலமானாலும் 2025-இல் திறந்த புது ரயில் பாலமானாலும் வெயிலில் நீளத்தான் செய்யும், அதற்கு இடம் விட்டுத்தான் ஆக வேண்டும். ஆம்ப் செய்கிறவர்கள் பலர் நான்கு மூலையையும் முடுக்கிவிட்டு விற்றுவிடுகிறார்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

செய்ய வேண்டியது: சிங்க்கை அடித்தட்டோடு பிடிக்கும் போல்ட்டுகளில் முகப்புப் பக்கம் இருப்பதை மட்டும் இறுக்கமாக வையுங்கள். பின்பக்க போல்ட்டின் ஓட்டையை நீளவாக்கில் அரை மி.மீ. அராவி முட்டை வடிவமாக்குங்கள். தலைக்கடியில் ஒரு நைலான் வாசர், அதற்கு மேல் குழிவான ஸ்பிரிங் வாசர். குழிவான வாசர் என்று ஏன் சொல்கிறேன் என்றால், அது சிங்க்கை விடாமல் பிடித்துக்கொண்டே நகரவும் விடும். சாதாரண வெட்டு ஸ்பிரிங் வாசர் முடுக்கியதும் தட்டையாகிவிடும், அப்புறம் அது இருப்பதும் இல்லாததும் ஒன்று.

அராவும்போது தகட்டைத் தனியே கழற்றி வெளியே கொண்டுபோய் அராவுங்கள். உலோகத் தூள் ஒரு துணுக்கு போர்டில் விழுந்தால் போதும், ஆம்ப் போச்சு.

அப்புறம் உப்பு. இதை வெளியூர்க்காரர்கள் பேசும் இடங்களில் யாரும் சொல்வதில்லை, ஏனென்றால் அவர்களுக்கு இது இல்லை. காரைக்குடியில் இருக்கும் மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் அரிப்பைச் சோதிக்க மண்டபம் ஊரைத் தேடி வந்து மையம் வைத்திருக்கிறது, அந்தக் காற்றில்தான் நம் ஆம்ப் உட்கார்ந்திருக்கிறது. எஸ்.எஸ். (துருப்பிடிக்காத எஃகு) போல்ட்டை அலுமினியத்தில் முடுக்கி உப்புக் காற்றில் விட்டால் இரண்டு உலோகத்துக்கும் நடுவில் மின்வேதியியல் அரிப்பு ஓடும், தேய்வது அலுமினியம். மரையைச் சுற்றி வெள்ளைப் பொடி பூத்திருக்கும். இரும்புத் தகட்டில் பவுடர் கோட்டிங் பெயர்ந்த இடத்தில் துரு. இரண்டும் சொரசொரப்பு. வழுக்க வேண்டிய இடம் ஒட்டிக்கொள்ளும், பிறகு பிய்த்துக்கொண்டு நகரும். ஆம்ப் வாங்கிய புதிதில் சத்தம் இல்லை, ஒரு மழைக்காலம் போனதும் வந்தது என்று யாராவது சொன்னால் முதலில் நான் பார்ப்பது இதைத்தான்.

#10 · உச்சிப்புளி ரேடியோ

பட்டறைக்காரர் சொன்னது நல்ல வேலை. திறப்பதற்கு முன்னால் நான் சொல்வதையும் படித்துவிடுங்கள், தம்பி.

பிளக்கைப் பிடுங்கியதும் உள்ளே கை வைக்கக் கூடாது. பவர் சப்ளை கெப்பாசிட்டரில் சார்ஜ் நிற்கும். 100 ஓம், 10 வாட் ரெசிஸ்டர் ஒன்றின் இரண்டு காலிலும் இன்சுலேஷன் உள்ள ஒயர் பற்றவைத்து, பவர் சப்ளையின் பிளஸ் ரெயிலிலிருந்து (பிளஸ் லைன்) கிரவுண்டுக்கு, மைனஸ் ரெயிலிலிருந்து கிரவுண்டுக்கு என்று தனித்தனியாகச் சில நொடி பிடியுங்கள். பிறகு மல்டிமீட்டரில் பார்த்து, ஒரு வோல்ட்டுக்குக் கீழே வந்ததும் தொடுங்கள். ஸ்க்ரூடிரைவரால் ஷார்ட் அடிக்கும் வீரம் வேண்டாம், பொறி பறந்து கெப்பாசிட்டர் முனையே உருகும்.

சிங்க்கில் டிரான்சிஸ்டரைப் பிடித்திருக்கும் ஸ்க்ரூக்களைத் தொடாதீர்கள். அவைதான் டிக் போடுகின்றன என்று யாராவது சொன்னாலும் நம்பாதீர்கள். அதைத் தளர்த்தினால் நடுவில் இருக்கும் மைக்காத் தகடும் சூடு கடத்தும் பேஸ்டும் பிடிப்பு விடும், டிரான்சிஸ்டர் சூடு சிங்க்குக்குப் போகாது. சிங்க்கில் ஒட்டியிருக்கும் சின்ன பயாஸ் (சும்மா இருக்கும்போதும் ஓடும் கரண்டின் அளவு) டிரான்சிஸ்டரும் அப்படியே இருக்கட்டும். சூடு ஏறும்போது பேஸ்-எமிட்டர் வோல்ட்டேஜ் டிகிரிக்கு 2 மில்லிவோல்ட் வாக்கில் குறையும், அதைப் பார்த்து பயாஸைக் குறைப்பது அந்தச் சின்னதுதான். அது பிடிப்பு இழந்தால் கரண்ட் ஏறும், சூடு ஏறும், சூட்டில் கரண்ட் இன்னும் ஏறும். புகை வந்த பிறகுதான் நிற்கும்.

மூன்றாவது, எர்த். பட்டறைக்காரர் நைலான் வாசர் சொன்னார், நல்லது. ஆனால் உலோகத்தோடு உலோகம் உரசி இருந்த இடத்தில் நைலான் மாதிரி ஒன்று வந்துவிட்டால் அந்தப் பாகத்துக்கு எர்த் போகாது. மூன்று பின் பிளக் வைத்த சாமானில் வெளியே தொடும் ஒவ்வொரு உலோகப் பாகமும் எர்த்தில் இருக்க வேண்டும். மூடியிலிருந்து அடித்தட்டுக்கும், சிங்க்கிலிருந்து அடித்தட்டுக்கும் ஒரு பச்சை ஒயர் லக்கு அடித்து, கோட்டிங்கைச் சுரண்டிய இடத்தில் பல் வாசர் போட்டு முடுக்கிவிடுங்கள். பிளக்கின் எர்த் பின்னிலிருந்து மூடி வரை மீட்டரில் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் காட்ட வேண்டும். இதைச் செய்யாமல் மூடியை மாட்டாதீர்கள்.

சாயல்குடித் தம்பி சொன்ன சிலிக்கான்: புளிப்பு வாசம் அடிக்கிற வகை காயும்போது அசிட்டிக் அமிலம் விடும். செம்பையும் ஈயப் பற்றையும் அரிக்கும். மூடிய பெட்டிக்குள் அதை வைப்பது உப்புக் காற்றுக்குத் துணை அனுப்புவது.

#11 · தொண்டிவால்வு

இடையில் நுழைகிறேன். என்னுடையது பெரிய கண்ணாடி வால்வு வைத்த ஆம்ப். போட்டதும் 'கிணிங் கிணிங்' என்று மெல்லிய சத்தம். அதுவும் இதேதானா?

#12 · உச்சிப்புளி ரேடியோ

அதேதான். கண்ணாடிக்குள் இருக்கும் கேத்தோடு, கிரிட், பிளேட் எல்லாம் வெவ்வேறு உலோகம், வெவ்வேறு சூடு. மைக்கா தட்டில் உட்கார்ந்திருக்கும் இடத்தில் நகரும். ஒன்றும் செய்ய வேண்டாம். சத்தம் ஸ்பீக்கரில் வந்தால் மட்டும் அணைத்து ஆறவிட்டு, பின்களில் பச்சை பூத்திருக்கிறதா பாருங்கள். தொண்டிக் காற்றிலும் உப்புக்குக் குறைவில்லை. திறப்பதானால் கவனம், வால்வு ஆம்பில் 400 வோல்ட்டுக்கு மேலேயே இருக்கும்.

#13 · பரமக்குடி புதுசு

என் ஆம்பில் 'ம்ம்ம்' என்று விடாமல் வருகிறது. நானும் வாசர் போடலாமா?

#14 · வாடைக்காற்று

அது வேறு நோய். சூடு சார்ந்த சத்தம் துண்டு துண்டாக வரும், சூடேறும்போதும் ஆறும்போதும் மட்டும். விடாத ரீங்காரம் டிரான்ஸ்பார்மருடையது. நம் 50 ஹெர்ட்ஸ் லைனில் அது 100 ஹெர்ட்ஸாகக் கேட்கும். லைனில் லேசாக டிசி கலந்திருந்தாலே டொராய்டு (வளைய வடிவ டிரான்ஸ்பார்மர்) உறுமும். நடு போல்ட்டை முடுக்கிப் பார்க்கத் தோன்றும். ஆனால் அந்த போல்ட்டின் மேல்முனை எந்தக் காரணத்துக்காகவும் மூடியைத் தொட்டுவிடக் கூடாது. போல்ட், மூடி, பெட்டி, அடித்தட்டு எல்லாம் சேர்ந்து டிரான்ஸ்பார்மருக்கு ஒரு ஷார்ட்டான சுற்று ஆகிவிடும், பெரிய கரண்ட் ஓடி ஃபியூஸ் போகும், இல்லையென்றால் டிரான்ஸ்பார்மரே போகும். தனி இழை போடுங்கள், இங்கே கலக்க வேண்டாம்.

#15 · சாயல்குடி சவுண்ட்

எங்கோ படித்தேன்: ஆம்ப் முழுச்சூட்டில் இருக்கும்போது மூடி ஸ்க்ரூக்களைத் தளர்த்தி, உலோகம் அதுவாக உட்கார்ந்ததும் திரும்ப முடுக்கினால் போதும் என்று. அராவ வேண்டாம், வாசர் வேண்டாம். இது வேலை செய்யுமா?

#16 · பாம்பன்பட்டறை

பாதி. கேட்கும் நேரம் முழுக்கச் சூட்டில் இருக்கும் ஆளுக்குச் சரி. சூட்டில் முடுக்கினால் சூட்டில் இழுவிசை இருக்காது, ஆனால் ஆறும்போது அத்தனையும் எதிர்ப்பக்கம் சேரும். அணைத்த பிறகு வரும் கச்சேரி பெரிதாகும். மறுநாள் போட்டதும் முதல் அரை மணி நேரமும் வரும். இலவச வைத்தியம் என்பதால் முதலில் செய்து பார்ப்பதில் தப்பில்லை. வெளி ஸ்க்ரூ மட்டும், கரண்ட் இருக்கும்போது உள்ளே எதுவும் கூடாது.

#17 · கீழக்கரைக்காது

ஞாயிற்றுக்கிழமை திறந்தாயிற்று. அண்ணன் சொன்ன மாதிரி ரெசிஸ்டரால் டிஸ்சார்ஜ் செய்து, மீட்டரில் பார்த்து.

திறப்பதற்கு முன்னால் இடம் கண்டுபிடித்தேன். ஆம்ப் சூடேறும்போது அரையடி பி.வி.சி. குழாய்த் துண்டை ஒரு முனை காதிலும் மறுமுனை மூடியிலும் வைத்து ஒவ்வொரு ஸ்க்ரூவாகப் போனேன். டிக் எல்லாம் இடது பின்மூலையிலிருந்து. டங் மட்டும் மூடியின் நடுவிலிருந்து. நடுவில் உள்ளங்கையை லேசாக அழுத்தி வைத்தால் டங் வரவில்லை, எடுத்த கொஞ்ச நேரத்தில் வந்தது.

மூடியைக் கழற்றியதும் இடது பின்மூலையில் பார்த்தது: மடித்த விளிம்பில், ஸ்க்ரூ ஓட்டைக்குப் பக்கத்தில், பவுடர் கோட்டிங் தேய்ந்து நூல் அகலத்தில் ஒரு பளபளப்பான கோடு. கோட்டின் இரண்டு நுனியிலும் காப்பிப் பொடி நிறத்தில் துரு கொஞ்சம் குவிந்திருக்கிறது. கோட்டின் நீளத்தை ஸ்கேலில் அளக்க முடியவில்லை, அவ்வளவு சின்னது. டீச்சர் சொன்ன 0.18 மி.மீ. கண்ணால் பார்க்கிற மாதிரி இருந்தது. மற்ற மூலைகளில் கோட்டிங் அப்படியே இருக்கிறது. சிங்க்கின் பின் போல்ட்டைக் கழற்ற நல்ல பலம் வேண்டியிருந்தது. மரை முழுக்க வெள்ளைப் பொடி, நாக்கில் வைத்தால் உப்புக் கரிக்கும் போல.

நடு டங் எதனால்? அங்கே ஸ்க்ரூவே இல்லையே?

#18 · வாடைக்காற்று

மூடி மெல்லிய தகடு, சுற்றிலும் ஸ்க்ரூவால் கட்டிப்போட்டது. சூட்டில் விரிய இடமில்லாததால் நடுவில் வயிறு தள்ளும். ஓரளவு வரை மெதுவாக வளையும், பிறகு பள்ளத்திலிருந்து மேட்டுக்கு ஒரே குதி. அதுதான் டங். எண்ணெய் டின் அடியை அழுத்தினால் 'டொக்' என்று உள்ளே போய் வெளியே வருமே, அதே வித்தை. நீங்கள் முடுக்க முடுக்க அது கனத்ததும் இதனால்தான்.

#19 · பாம்பன்பட்டறை

டங்குக்கு இரண்டு வேலை. கார் கதவுக்குள் ஒட்டுகிற பியூட்டைல் டேம்பிங் ஷீட் ஒரு துண்டை மூடியின் உள்பக்கம் நடுவில் ஒட்டுங்கள். காற்று ஓட்டைகளை மறைக்காமல். தார் வகை ஷீட் வேண்டாம், 60 டிகிரியில் இளகி ஒழுகும். அப்புறம் மூடியின் ஸ்க்ரூக்களைக் கை இறுக்கத்தோடு நிறுத்திவிடுங்கள்.

மூடி உட்காரும் விளிம்பு முழுக்க பிளம்பர் டெஃப்லான் டேப்பை இரண்டு மூன்று மடிப்பாக வைத்து விடுங்கள். எந்தக் குழாய்க் கடையிலும் கிடைக்கும், இந்தச் சூட்டை அது மதிக்கவே மதிக்காது, உராய்வு மிகக் குறைவு. துருவை நைஸ் எமரித் தாளால் எடுத்து, துடைத்து, துத்தநாக பிரைமர் ஒரு பூச்சு. போல்ட்டில் மோட்டார் படகுக்குப் போடும் கிரீஸ் துளி. சிங்க்கின் விசிறிகளை (வரிசையாக நீட்டியிருக்கும் தகடுகளை) காய்ந்த பிரஷ்ஷால் தட்டி, ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடையுங்கள். தண்ணீர் ஊற்றிக் கழுவுகிற ஆட்களையும் பார்த்திருக்கிறேன், அவர்களை என்ன சொல்ல.

எர்த் ஒயர் மறக்க வேண்டாம், அண்ணன் சொன்னது.

#20 · கடுகு

இவ்வளவு பாடு எதற்கு? கிளாஸ் டி ஆம்ப் வாங்கினால் தின்னும் கரண்டில் 90 சதவீதம் வரை பாட்டு வேலைக்குப் போகும், சூடே இல்லை, டிக்கும் இல்லை, கரண்ட் பில்லும் குறையும்.

#21 · உச்சிப்புளி ரேடியோ

உண்மைதான், தம்பி. அவர் கேட்டது அது இல்லை.

#22 · கீழக்கரைக்காது

வேலை முடிந்தது. பின் போல்ட் ஓட்டையை ஏர்வாடிக்குப் போகும் வழியில் ஒரு பட்டறையில் அராவி வாங்கினேன், தகட்டை மட்டும் கொண்டுபோய். நைலான் வாசரும் குழிவான வாசரும் மதுரையிலிருந்து வரவழைத்தது. டெஃப்லான் டேப் இங்கேயே. எர்த் மீட்டரில் சுத்தமாகக் காட்டுகிறது.

டங் முற்றிலும் போய்விட்டது. இடது பின்மூலை டிக்கும் சூடேறும்போது இல்லை. அணைத்த பிறகு ஒன்றிரண்டு வருகிறது, ஆனால் சன்னமாக, அடுத்த அறைக்குக் கேட்காது. கடல் காற்று விழுந்தால் வருவதும் நின்றுவிட்டது. இப்போது புதிதாக ஒன்று கேட்கிறது: சிங்க்கை விரலால் தட்டினால் விசிறிகள் 'ணிங்' என்று நீளமாகப் பாடுகின்றன. முன்பும் இருந்திருக்கும், டிக் சத்தத்தில் தெரியவில்லை. பாட்டு சத்தமாகப் போகும்போது அதுவும் கூட அதிருமோ?

#23 · பாம்பன்பட்டறை

அதிரலாம், கேட்கும் அளவுக்கு அல்ல என்பது என் கருத்து. ஆனால் மிச்சமிருக்கும் சின்ன டிக்கையும் அந்த விசிறிகள்தான் பெரிதாக்கிக் காட்டும். சிலிக்கான் குழாயை, மீன் தொட்டிக்குப் போடுவார்களே அந்த அளவு, துண்டு துண்டாக நறுக்கி விசிறிகளின் நுனிக்கு நடுவில் செருகுங்கள். ஓரத்தில் ஒரு வரிசை போதும். நடுவில் அடைத்தால் காற்று மேலே ஏறும் வழி போய்விடும், சிங்க் இன்னும் சூடாகும். சாதாரண ரப்பர் வேண்டாம், சூட்டிலும் உப்பிலும் ஒரு வருஷத்தில் கல்லாகும்.

#24 · சாயல்குடி சவுண்ட்

பாய், அணைத்த பிறகு வரும் அந்த ஒன்றிரண்டையும் போக்க முடியாதா?

#25 · கீழக்கரைக்காது

முன்பக்க போல்ட்டிலிருந்து வருகிறது, குழாய் வைத்துப் பார்த்தேன். அது நிலையாகப் பிடிக்க வேண்டிய பக்கம். முகப்பு அலுமினியமும் அடித்தட்டு இரும்பும் சேரும் இடம். அதையும் நகர விட்டால் சிங்க்கைப் பிடிக்க ஆளே இல்லை. விட்டுவிட்டேன்.

#26 · உச்சிப்புளி ரேடியோ

சரியான முடிவு. இரண்டு வாரம் கழித்து, ஆம்ப் ஒரு மணி நேரம் ஓடிய பிறகு, பயாஸையும் ஸ்பீக்கர் முனையில் டிசியையும் ஒருமுறை அளந்து இங்கே போடுங்கள், தம்பி. சிங்க்கைத் தொட்டு வேலை பார்த்திருக்கிறீர்கள், டிரான்சிஸ்டரைத் தொடாவிட்டாலும் பார்த்துவிடுவது நல்லது. டிசி 50 மில்லிவோல்ட்டுக்குள் இருந்தால் கவலை வேண்டாம். மழைக்காலம் முடிந்ததும் பின் போல்ட்டைக் கழற்றி வெள்ளைப் பொடி மறுபடி பூத்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

#27 · தொண்டிவால்வு

குழிவான வாசர் மதுரையில் எந்த மாதிரிக் கடையில் கிடைத்தது? எம்4 (4 மி.மீ.) போல்ட்டுக்கு வேண்டும்.

#28 · கீழக்கரைக்காது

நட்டு போல்ட் மொத்தக் கடையில், எஸ்.எஸ். வகை. எம்4-க்கும் இருக்கிறது. "குழிவான டிஸ்க் ஸ்பிரிங் வாசர்" என்று சொல்லிக் கேளுங்கள், வெறும் ஸ்பிரிங் வாசர் என்றால் வெட்டு வகையைத்தான் எடுத்துக் கொடுப்பார்கள். என்னிடம் மிச்சம் கொஞ்சம் இருக்கிறது, தனிச்செய்தியில் முகவரி போட்டால் அனுப்பி வைக்கிறேன்.